அணைத்து வைத்த ஹீட்டர்

ஷார்ஜாவில் கோடைக்காலத்தில் குளிர்ந்த தண்ணீர் வேண்டுமென்றால் வெந்நீர்க் குழாயைத்தான் திறக்க வேண்டும். இதை எனக்கு முதலில் சொன்னவன் என் அறைத்தோழன், கும்பகோணத்துக்காரன். நான் வந்து இறங்கிய மறுநாள் காலையிலேயே சொன்னான். புதிதாக வந்தவனைக் கேலி செய்கிறான் என்று நினைத்து அவன்மீது எரிந்து விழுந்தேன். அந்த வயதில் எனக்கு மூக்கு நுனியில் கோபம். இப்போதும் பெரிதாகக் குறைந்துவிடவில்லை, எங்கள் வீட்டில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

ஆனால் அவன் சொன்னது உண்மை. மொட்டை மாடித் தொட்டி பகல் முழுக்க வெயிலில் காயும். பச்சைத்தண்ணீர்க் குழாயில் வருவதை மேலே ஊற்றினால் தோல் வழன்றுவிடும். குளியலறைச் சுவரில் தொங்கும் ஹீட்டரோ நிழலில் இருக்கிறது. மே மாதம் பிறந்ததும் அதன் சுவிட்சை அணைத்துவிட்டால், இரவில் நிரம்பிய தண்ணீர் உள்ளேயே ஆறிக் கிடக்கும். பெயர்தான் ஹீட்டர், செய்வது பானையின் வேலை. யாராவது மறந்துபோய்ப் போட்டுவிடக் கூடாதென்று சுவிட்சின்மேல் பிளாஸ்திரி ஒட்டி வைப்போம். ஒரே சங்கடம், ஹீட்டர் சின்னது. இரண்டு பேர் அளவாக மொண்டு குளிக்கலாம், அடுத்து வருகிறவனுக்குக் கொதிநீர்தான்.

எண்பதுகளின் நடுப்பகுதி அது. நாங்கள் இருவருமே அரை மாணவர்கள், அரை வேலைக்காரர்கள். காலையில் ஒரு சைட் ஆபீஸில் கட்டட வரைபடங்களைப் பிரதி எடுத்துக் கொடுக்கும் அரைநாள் டூட்டி. மாலையில் தொழில்பேட்டைக்குப் பக்கத்தில் ஒரு பயிற்சிப் பள்ளியில் டிராஃப்ட்ஸ்மேன் படிப்பு. சம்பளத்தில் பாதி பள்ளிக்குப் போய்விடும். மீதியில் வாடகை, சாப்பாடு, ஊருக்கு அனுப்புவது எல்லாம். கையில் நிற்பது ஒன்றுமில்லை.

இப்போது என் மகள் துணிப்பை கொண்டு கடைக்குப் போகிறாள். மின்சாரத்தைச் சிக்கனமாகச் செலவழிக்க வேண்டும், எதையும் ஒரு முறை பயன்படுத்திவிட்டு எறியக் கூடாது என்று எனக்கே பாடம் எடுக்கிறாள். இதற்கெல்லாம் அழகழகான பெயர்கள் வந்துவிட்டன. எங்களுக்கு அப்போது தெரிந்த ஒரே பெயர் கஞ்சத்தனம். அதில் கும்பகோணத்துக்காரனை மிஞ்ச ஆள் கிடையாது.

மீன் மார்க்கெட்டில் ஐஸ் நிரப்பிய மீன் வரும் வெள்ளைத் தெர்மாகோல் பெட்டிகளை வெளியே எறிந்துவிடுவார்கள். அதில் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தான். சோற்றுப் பானையைக் கொதிக்கும்வரை அடுப்பில் வைத்து, இறக்கி, பழைய கம்பளியில் சுற்றி அந்தப் பெட்டிக்குள் வைத்து மூடிவிடுவான். வகுப்புக்குப் போய்விட்டு வந்து திறந்தால் சோறு பதமாக வெந்து ஆவி பறக்கும். காஸ் மிச்சம், அறையில் வெக்கையும் இல்லை. எலுமிச்சைத் தோலை எவ்வளவு தேய்த்தும் முதல் சில வாரங்கள் சோறு மீன் வாசம் அடித்தது. இதில் வேடிக்கை என்னவென்றால் அவன் சுத்த சைவம். மூக்கைப் பிடித்துக்கொண்டு சாப்பிட்டான், பெட்டியை மட்டும் விடவில்லை.

சைட் ஆபீஸில் தப்பாக விழும் பிரதிகளைக் குப்பையில் போடுவார்கள். ஒரு பக்கம் நீலக் கோடுகள், பின்பக்கம் வெள்ளை. அதை மேனேஜரிடம் கேட்டு வாங்கி வந்து, வெட்டி, நூல் கோர்த்து நோட்டுப் புத்தகமாக்கினோம். அந்தத் தாளில் அமோனியா நெடி போகவே போகாது. படிக்க உட்கார்ந்தால் கண்ணில் தண்ணீர் கொட்டும். பார்க்கிறவர்கள் பையன் உருகி உருகிப் படிக்கிறான் என்று நினைத்திருக்கலாம்.

பாஸ்மதி அரிசி வரும் துணிச்சாக்கு கடைக்குப் போகும் பையானது, தலையணை உறையானது. என் தலையணையில் ஒட்டகப் படம் இருந்தது. ஏசியின் பின்பக்கம் சொட்டும் தண்ணீருக்குக் கீழே ஒரு வாளி வைத்திருந்தோம். அந்த வாளித் தண்ணீரில்தான் துணி அலசுவது, தரை துடைப்பது எல்லாம். முதலில் எனக்கு இதெல்லாம் மானக்கேடாகத்தான் இருந்தது. போகப் போக அவனை விட நான் மோசமாகிவிட்டேன். யாராவது விளக்கை அணைக்காமல் போனால் தெருவரை கேட்கும்படி கத்துவேன்.

எங்களுடையது ஒரு பழைய வில்லா. நடுவில் முற்றம், எதிரும் புதிருமாக இரண்டு அறைகள், பொதுவாக ஒரு சமையலறை, ஒரு குளியலறை. அந்த ஆண்டு மார்ச்சில் எதிர் அறைக்கு யாழ்ப்பாணத்துக் குடும்பம் ஒன்று வந்தது. கணவர் புஜைரா துறைமுகத்தில் வேலை. வாரம் முழுக்க அங்கே கேம்ப்பில் இருந்துவிட்டு வியாழக்கிழமை மாலை வருவார், வெள்ளி மாலை போய்விடுவார். மனைவியும் நடக்கத் தொடங்காத பெண் குழந்தையும் இங்கே. நாங்கள் அந்த அம்மாவை அக்கா என்றோம், அவர் எங்களைத் தம்பி என்றார். என் திருநெல்வேலித் தமிழும் அவர் யாழ்ப்பாணத் தமிழும் முட்டி மோதி ஒரு வழியாக ஒத்துப்போயின. மீன் பெட்டிச் சமையலைப் பார்த்துவிட்டு அக்கா விழுந்து விழுந்து சிரித்தார். அடுத்த வாரம் அவரே ஒரு பெட்டி கேட்டார்.

ஜூன் வந்ததும் சிக்கல் ஆரம்பமானது. வில்லாவின் வயரிங் அந்தக் காலத்தது. எங்கள் ஏசியும் அக்காவின் ஏசியும் ஒன்றாக ஓடினால் பியூஸ் போய்விடும். வீட்டுக்காரரிடம் போய்ச் சொன்னோம். அவர் கையை விரித்து, "மாஃபி, மாஃபி, இல்லை. ஒரு ஏசி போதும், யல்லா, போ" என்று அனுப்பிவிட்டார். வேறு வழியில்லாமல் முறை வைத்துக்கொண்டோம். கொஞ்ச நேரம் எங்களுடையது ஓடும், கொஞ்ச நேரம் அவர்களுடையது. ஏசி நின்ற அரைமணி நேரத்தில் அந்த அறைகள் அடுப்பாகிவிடும்.

குழந்தைக்கு முதலில் வேர்க்குருதான் வந்தது. பிறகு அது கழுத்திலும் முதுகிலும் கொப்புளமானது, காய்ச்சலும் சேர்ந்துகொண்டது. கிளினிக்கில் மருந்து கொடுத்து, பிள்ளையைக் குளிர்ச்சியான அறையில் வைத்திருங்கள், குளிர்ந்த தண்ணீரில் அடிக்கடி உடம்பு கழுவுங்கள் என்றார்கள். அந்த வாரம் வந்த கணவர் பிள்ளையைப் பார்த்துவிட்டு இடிந்துபோய் உட்கார்ந்தார். இந்த வெக்கையில் பிள்ளையை வைத்திருக்க முடியாது, இருவரையும் ஊருக்கு அனுப்பிவிடுகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அக்கா இதை எங்களிடம் சொன்னது சமையலறையில், வெங்காயம் நறுக்கிக்கொண்டே. "ஊரில எந்த நேரம் என்ன நடக்குமெண்டு தெரியாது தம்பி. ஷெல் குண்டு விழுகிற சத்தத்துக்க இந்தப் பிள்ளையோட நான் எங்க ஓடுறது? இவருக்கு ரெண்டு வருசத்துக்கு ஒருக்காத்தான் லீவு. விசா முடிஞ்சா திரும்ப எடுக்கேலாது. நான் போனா போனதுதான். பிள்ளைக்குத் தகப்பன்ர முகமே தெரியாமப் போயிடும்."

வெங்காயத்தால் வந்த கண்ணீர் இல்லை அது. கல்யாணம் முடிந்து இத்தனை காலத்தில் இருவரும் ஒரே நாட்டில் இருந்தது அந்த மார்ச்சுக்குப் பிறகுதான் என்றும் சொன்னார். எனக்கு அவர் கணவர்மீதும் கோபம் வரவில்லை. பிள்ளையை நினைத்துத்தான் அவரும் சொல்கிறார். யார்மீதும் கோபப்பட முடியாததுதான் எனக்கு அப்போது பெரிய எரிச்சலாக இருந்தது.

அன்றைக்கே கும்பகோணத்துக்காரன் எங்கள் ஏசியை நிறுத்திவிட்டான்.

"நம்ம முறைடா இது" என்றேன்.

"ஏன்டா கத்துற? பக்கத்துலதானே இருக்கேன். நமக்கு முறை எதுக்கு? பகல்ல பாதி நேரம் டூட்டி, சாயங்காலம் கிளாஸ். ராத்திரி மொட்டை மாடியில படுத்துக்கலாம். அக்கா ஏசி பாட்டுக்கு ஓடட்டும்."

அக்கா கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் நான் முரண்டு பிடித்திருப்பேன். கேட்காததால் ஒன்றும் சொல்ல முடியவில்லை. ஹீட்டர் தண்ணீரையும் பிள்ளைக்கென்று விட்டுவிட்டோம். அக்காவின் ஏசி இரவும் பகலும் ஓடியதால் அதன் கீழே வைத்த வாளி சீக்கிரம் நிரம்பியது. நாங்கள் அதில் குளித்துக்கொண்டோம். மாடியில் ஈர விரிப்பின்மேல் படுத்தோம். மத்தியானங்களில் முற்றத்துச் சுவர் ஓரமாக விழும் நிழலில் அட்டைப்பெட்டிகளை விரித்து உட்கார்ந்து, பனியனை நனைத்துப் போட்டுக்கொண்டு படித்தோம். நிழல் நகர நகர நாங்களும் நகர்வோம். செப்டம்பரில் பரீட்சை. அமோனியாவும் வியர்வையும் சேர்ந்து தாளெல்லாம் நசநசவென்று ஆகும்.

அக்கா சண்டை போட்டுப் பார்த்தார். நாங்கள் கேட்கவில்லை. கடைசியில் ஒன்று மட்டும் சொன்னார்: "இவருக்குச் சொல்லிப்போடாதேங்கோ. தெரிஞ்சா, ஊரான் வீட்டுப் பிள்ளைகள் வெயிலில காயிறதோ எண்டு மானம் பார்த்து நாளைக்கே டிக்கெட் போட்டிடுவார்." அதனால் வெள்ளிக்கிழமைகளில், அவர் வீட்டில் இருக்கும் நாளில், நாங்கள் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வெளியே கிளம்பிவிடுவோம். பஸ் நிலையம், பெரிய கடைகளின் வாசல், குளிர்ச்சி எங்கே கசிகிறதோ அங்கே. அக்கா அவரிடம், தம்பியவை லைப்ரரிக்குப் போறவை என்று சொல்லி வைத்திருந்தார்.

பிள்ளைக்கு மெல்ல மெல்லத் தேறியது. கொப்புளங்கள் காய்ந்தன, பால் குடித்தாள், என் நோட்டின் நூலைப் பிடித்து இழுத்தாள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, அதையும் கும்பகோணத்துக்காரனைத் திட்டித்தான் காட்டிக்கொண்டேன். ஆனால் ஆகஸ்ட்டில் ஒரு வியாழக்கிழமை மறுபடி லேசாகக் காய்ச்சல் கண்டது. அன்று மாலை கணவர் வந்தபோதே முடிவோடு வந்திருந்தார். சனிக்கிழமை டிராவல்ஸில் கொடுக்க வேண்டும், பாஸ்போர்ட்டை எடுத்து வை என்று அவர் சொன்னது முற்றம்வரை கேட்டது. பிள்ளையின் பெயரும் தாயின் பாஸ்போர்ட்டில்தான் இருந்தது. அந்த ஒரு புத்தகம் போனால் இரண்டு பேரும் போனார்கள்.

வெள்ளிக்கிழமை காலை, பிள்ளையைக் கழுவ வழக்கம்போல வெந்நீர்க் குழாயைத் திறந்து வாளியை வைத்தேன். தண்ணீர் சீறிக்கொண்டு விழுந்து என் கையில் தெறித்தது. துடித்துப்போனேன். குளியலறை முழுக்க ஆவி. நிமிர்ந்து பார்த்தால் சுவிட்சில் சிவப்பு விளக்கு எரிகிறது, பிளாஸ்திரி கிழிந்து தொங்குகிறது.

"எவம்ல ஹீட்டரப் போட்டது?" என்று கத்தினேன்.

அக்காவின் கணவர் துண்டோடு ஓடி வந்தார். "நான்தான் தம்பி. பிள்ளைக்குக் காய்ச்சல் எண்டு இவ சொன்னா. விடியச் சுடுதண்ணி வேணுமெண்டு போட்டுவிட்டனான்."

கோடை ஹீட்டர் சமாசாரம் அவருக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் காய்ச்சல் பிள்ளைக்குப் பச்சைத்தண்ணீர் ஆகாது என்று கேட்டுக் கேட்டு வளர்ந்தவர். நம் ஆட்களில் எந்தத் தகப்பனும் அதைத்தான் செய்திருப்பான். வயதில் மூத்தவர் என்றும் பார்க்காமல், "குளிர்ந்த தண்ணியிலதான் கழுவணும்னு டாக்டர் சொன்னது தெரியாதாண்ணே? அக்கா கையை விட்டுப் பார்க்காம ஊத்தியிருந்தா என்னாயிருக்கும்?" என்று பொரிந்து தள்ளினேன். அவர் முகம் செத்துப்போனது. 

இனி அந்த ஹீட்டர் ஆற நாள் முழுக்க ஆகும். ஃப்ரிட்ஜில் குடிக்க வைத்திருந்த பாட்டில்கள் அத்தனையையும் கும்பகோணத்துக்காரன் எடுத்து வந்தான். பழைய ஸ்குவாஷ் பாட்டில்கள், எங்களுடையது, அக்காவுடையது எல்லாம். பேசினில் ஊற்றி, குழாய்த் தண்ணீரோடு விளாவி, அக்கா பிள்ளையைக் கழுவினார். பிள்ளை கொஞ்சம் சிணுங்கிவிட்டுத் தூங்கிப்போனாள். அந்த அமளியில் அக்கா என்னைப் பார்த்த பார்வையில், எல்லாம் முடிந்தது தம்பி என்று எழுதியிருந்தது.

"வாடா, பஸ் ஸ்டாண்டுக்குப் போகலாம்" என்றான் கும்பகோணத்துக்காரன்.

"நான் எங்கயும் வரல, கலாஸ், முடிஞ்சது" என்றேன். கை எரிந்தது. ஃப்ரிட்ஜில் குடிக்கத் தண்ணீர் இல்லை. அனுப்பத்தான் போகிறார் என்றால் இனி யாருக்காக ஒளிய வேண்டும்? பிடிவாதமாக முற்றத்து நிழலில் அட்டையைப் போட்டு உட்கார்ந்தேன். அவனும் பெருமூச்சு விட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தான்.

ஜும்ஆ தொழுகை முடிந்து தெரு வெறிச்சோடிக் கிடந்த நேரம். அக்காவின் கணவர் தூங்கி எழுந்து கதவைத் திறந்தார். எங்களைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். நனைந்த பனியன், மடியில் புத்தகம், சுவரை ஒட்டிக் கையகல நிழல்.

"ஏன் தம்பியவை வெளியில இருக்கிறியள்? ஏசி பழுதோ?"

கும்பகோணத்துக்காரன் ஏதோ மழுப்பப் பார்த்தான். என்னால் முடியவில்லை. "பழுதில்லண்ணே. எங்க ஏசி ஓடுனா உங்க ஏசி நின்னுரும்" என்றேன்.

அவர் எங்கள் அறை ஜன்னலைப் பார்த்தார், தன் அறை ஜன்னலைப் பார்த்தார். அவர் ஏசியின் கீழே வாளியில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"எப்ப துவக்கம் இப்பிடி?"

"பாப்பாவுக்கு முடியாமப் போனதுல இருந்து."

"அவ எனக்கு ஒண்டும் சொல்லேல்லை."

"சொன்னா நீங்க அனுப்பிருவீங்கன்னு பயம்ணே அவங்களுக்கு. இப்ப எப்படியும் அனுப்பத்தான் போறீங்க. அனுப்புறதுன்னா அனுப்புங்க. பாப்பா தேறிட்டு வந்துச்சு, நான் கண்ணால பாத்தேன். அவங்களுக்குப் போக இஷ்டமில்ல. அம்புட்டுதான்." எனக்குக் குரல் உடைந்துவிட்டது. அதை மறைக்கப் புத்தகத்தைப் படாரென்று மூடினேன்.

அவர் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். உள்ளிருந்து முதலில் அவர் குரல், பிறகு அக்காவின் குரல், பிறகு ஒன்றுமே இல்லை. கும்பகோணத்துக்காரன் என்னைப் பார்த்த பார்வையில் அடிக்காத குறை. கெடுத்துவிட்டேன் என்றுதான் நானும் நினைத்தேன். எழுந்து போய் மன்னிப்புக் கேட்கலாமா என்று யோசித்துக்கொண்டே உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்திருந்தேன்.

கதவு மறுபடி திறந்தது. சாரமும் பனியனுமாக அவர் வெளியே வந்தார். கையில் ஒரு அட்டைப்பெட்டி. அதை மிதித்து விரித்து எங்கள் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். பாதி உடம்பு வெயிலில்தான் இருந்தது.

"உள்ள போங்கண்ணே" என்றேன்.

"உள்ள சரியான குளிர் தம்பி. இருக்கேலாமக் கிடக்கு" என்றார்.

 நாங்கள் படித்தோம். அவர் துண்டால் விசிறிக்கொண்டிருந்தார். தனக்கு மட்டும் இல்லை, நடுவில் இருந்த எனக்கும் சேர்த்து. நிழல் நகர்ந்தபோது மூன்று பேரும் எழுந்து அட்டையை நகர்த்திப் போட்டுக்கொண்டோம். உள்ளே பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தாள், ஏசி ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. மாலையில் வேன் வந்து ஹார்ன் அடித்தது. அவர் எழுந்து முகம் கழுவி, சட்டை மாற்றி, பையைத் தூக்கிக்கொண்டு எங்களிடம் தலையை மட்டும் அசைத்துவிட்டுப் போனார். பாஸ்போர்ட்டைக் கொண்டுபோகிறாரா என்று கேட்க எனக்கு நாக்கு எழவில்லை.

வேன் தெருமுனை திரும்பிய பிறகு அக்கா கதவை அகலத் திறந்துகொண்டு வாசலில் வந்து நின்றார். இடுப்பில் பிள்ளை, கையில் அந்த பாஸ்போர்ட்.

"மேசையிலயே வைச்சிட்டுப் போயிட்டார் தம்பி" என்றார். அப்படியே நின்று அழுதார்.

 

"கதவச் சாத்துங்கக்கா" என்று எரிந்து விழுந்தேன். "குளிரு பூரா வெளிய போவுது."